அக்காவிடம் கேளுங்கள்: பழைய சோற்றுக்கு எத்தனை பேர்?

போன மாதம் ஒரு பதிலில், நைட்டியும் அதன் மேல் போட்ட துண்டும்தான் இப்போது தமிழ்ப் பெண்களின் தேசிய உடை என்று விளையாட்டாக எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி திட்டு, பாதி "ஆமாங்க்கா". திட்டியவர்கள் எல்லோரும் கையில் எடுத்த சொல் ஒன்றுதான்: பண்பாடு. சரி, இந்த மாதம் முழுக்க அதையே பேசிவிடுவோம் என்று அது சம்பந்தப்பட்ட கேள்விகளாகப் பொறுக்கி வைத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

பல்லாயிரம் ஆண்டுப் பண்பாட்டை ஒரு நைட்டிக்குள் சுருட்டிவிட்டீர்களே, நியாயமா? (கும்பகோணம்)

திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள், 'பண்பாடு' என்கிற அந்தச் சொல்லுக்கே இன்னும் நூறு வயது ஆகவில்லை. கல்ச்சர் என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று தேடிக்கொண்டிருந்த 1930களில் ரசிகமணி டி.கே.சி. புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அது என்று வையாபுரிப்பிள்ளை எழுதியிருக்கிறார். பொருள் பழசு, பெயர் புதுசு. அதில் தப்பு ஒன்றும் இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. நான் கவனித்த வரை நம் வீடுகளில் இந்தச் சொல் தனியாக வருவதே இல்லை. 'கெட்டுப்போச்சு', 'ஒத்துவராது', 'அழிஞ்சுட்டு வருது' என்று பின்னால் ஒரு வால் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது, அந்த வாலும் வீட்டில் இருக்கிற பெண்பிள்ளை முதுகைத்தான் தேடிப்பிடித்து அடிக்கிறது. என் தாத்தா இடுப்பில் வேட்டி, தோளில் துண்டு, அவ்வளவுதான், சட்டை என்பது கல்யாணத்துக்கும் கோர்ட்டுக்கும். அப்பா பேன்ட்டுக்கு மாறினார். தம்பி முக்கால் டவுசரோடு ரேஷன் கடைக்குப் போகிறான். மூன்று தலைமுறைக்குள் ஆம்பிளை உடை தலைகீழாக மாறிவிட்டது, ஒருத்தர் வாயிலிருந்தும் கல்ச்சர் என்ற சொல் வரவில்லை. அக்கா மகள் துப்பட்டா இல்லாமல் பால் பாக்கெட் வாங்கப் போனாள், அன்றைக்கே வந்துவிட்டது.

யு.கே.ஜி. படிக்கும் என் பையன் பள்ளியில் 'வேற்றுமையில் ஒற்றுமை' விழா. அவனுக்கு அசாம் விழுந்திருக்கிறது. வாடகைத் துணிக் கடையில் வடக்கே எந்த மாநிலம் சொன்னாலும் ஒரே மினுமினுத் தலைப்பாகையைத் தூக்கிக் கொடுக்கிறார்கள். என்ன உடுத்திவிடுவது? (தாம்பரம்)

தலைப்பாகையை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ஒரு வேட்டி, வெளிர் பொன்னிறத்தில் ஒரு ஜிப்பா, தலையைச் சுற்றி ஒரு கமோசா. கமோசா என்பது வெள்ளைத் துணியில் சிவப்புக் கரையும் சிவப்புப் பூவேலையும் போட்ட துண்டு. நாம் விருந்தாளிக்குப் பொன்னாடை போர்த்துகிற மாதிரி அவர்கள் அதைக் கழுத்தில் போட்டு மரியாதை செய்வார்கள். நமக்குச் சித்திரை பிறக்கிற அதே சமயத்தில் அவர்களுக்கு ரொங்காலி பிஹு, ஆட்டமும் மேளமுமாக இருக்கும். பையன் மேடையில் ஒரு சின்ன மேளத்தைத் தட்டினால் போதும்.

ஆனால் கடைக்குப் போகும் முன் ஒரு வேலை. உங்கள் பக்கத்து ஓட்டலில் மேஜை துடைக்கிற பையனோ, அபார்ட்மென்ட் செக்யூரிட்டியோ அசாம்காரராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அவரிடம் போய்க் கேளுங்கள். கமோசாவை எப்படிக் கட்டுவது என்று உங்கள் பையன் தலையிலேயே கட்டிக் காட்டுவார், அநேகமாக அறையிலிருந்து தன்னுடையதையே எடுத்து வந்தும் கொடுப்பார். மேடையில் அசாம் என்றால் கைதட்டுகிறோம், அதே அசாம் டேபிளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தால் "ஏய் தம்பி, இங்க துடை" என்கிறோம். பையன் அந்த இரண்டு அசாமையும் ஒன்றாகப் பார்க்கட்டும்.

கொசுறாக ஒன்று. அசாம் என்றதும் நமக்குத் தேயிலைதான் ஞாபகம் வரும். ஆனால் அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களில் ஏராளமானோரின் முன்னோர்கள் ஜார்கண்ட், ஒடிசா பக்கத்திலிருந்து வெள்ளைக்காரர் காலத்தில் கூலிக்குக் கொண்டுபோகப்பட்ட ஆதிவாசிகள். நம் ஆட்களை இலங்கை மலைக்குக் கொண்டுபோனார்கள் இல்லையா, அதே கதை. ஆக அசாமுக்கும் ஒரே உடை கிடையாது. யு.கே.ஜி. பிள்ளைக்கு இதெல்லாம் வேண்டாம், உங்களுக்குச் சொன்னேன். அப்புறம் குவாஹாத்தியில் ஏதோ ஒரு பள்ளியில் 'தமிழ்நாடு' விழுந்த பிள்ளைக்கு என்ன உடுத்திவிடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நெற்றி நிறையப் பட்டை, மடித்துக் கட்டிய லுங்கி, கையில் அட்டையில் வெட்டிய தோசை, வாயில் "ஐயய்யோ". பார்த்தால் நமக்கு எப்படி இருக்கும்?

எங்கள் தெருவில் பத்து வீட்டுக்கு ஆறு வீடு ஹிந்திக்காரர்கள். ஒரு அறைக்கு எட்டுப் பேர். ராத்திரி பதினொரு மணிக்கு மொட்டைமாடியில் ஸ்பீக்கர் போட்டு போன் பேசுகிறார்கள், சுவரெல்லாம் பான் எச்சில். இன்னும் பத்து வருஷத்தில் இது தமிழ் ஊராக இருக்குமா? தயவுசெய்து 'எல்லோரும் மனிதர்கள்தானே' என்று எழுதித் தப்பித்துவிடாதீர்கள். (திருப்பூர்)

தப்பிக்கவில்லை. நீளமாகவே வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எச்சிலையும் பண்பாட்டையும் தனித்தனியாகப் பிரித்து வைப்போம். சுவரில் துப்பினால் தப்பு, துப்பியது ஒடிசாவின் கட்டாக் ஊர்க்காரராக இருந்தாலும் சரி, ஊத்துக்குளிக்காரராக இருந்தாலும் சரி. போய்ச் சொல்லுங்கள், சண்டைகூடப் போடுங்கள். மொட்டைமாடி சத்தத்துக்கும் அதேதான். ஒரு அறைக்கு எட்டுப் பேர் என்பது மட்டும் யாருடைய பண்பாடும் இல்லை. ஆளுக்கு இவ்வளவு என்று தலையை எண்ணி வாடகை வாங்குகிற ஒருவர் உங்கள் தெருவிலேயே இருப்பார், விசாரித்தால் அவர் சுத்தமான நம்மூர்க்காரராகத்தான் இருப்பார். வெளியூர் ஆள் குறைந்த கூலிக்கு வந்து நம் கூலியும் இறங்கிவிடுமோ என்கிற பயம் இருக்கிறது பாருங்கள், அது நிஜமான பயம், சங்கத்திலும் கம்பெனியிலும் உட்கார்ந்து பேச வேண்டியது. அதற்குப் பண்பாட்டுப் போர்வை போர்த்தினால் கூலிப் பேச்சு காணாமல் போய்விடும், முதலாளிக்குத்தான் நிம்மதி.

இப்போது அந்த 'ஹிந்திக்காரர்கள்'. உங்கள் ஆறு வீட்டில் எத்தனை வீட்டில் ஹிந்தி பேசுகிறார்கள் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? ஒடிசாக்காரர் வீட்டில் ஒடியா. வங்காளி வீட்டில் வங்காளம். வடக்கு பீகார் என்றால் மைதிலியாக இருக்கலாம், மேற்கு பீகார் என்றால் போஜ்புரி. ஜார்கண்ட் பையன் சந்தாலி பேசுபவனாக இருந்தால், அவன் தாய்மொழி ஹிந்திக் குடும்பமே கிடையாது, நம் தமிழ் எப்படி வேறு குடும்பமோ அப்படி. 2011 கணக்கெடுப்பில் போஜ்புரியைத் தாய்மொழி என்று சொன்னவர்களே 5 கோடிப் பேர். அவர்களையும் சேர்த்துத்தான் ஹிந்தி என்கிற தலைப்பின் கீழ் கணக்குக் காட்டுகிறார்கள். அதாவது ஹிந்தி எங்கும் இருக்கிறது என்று காட்ட டெல்லி போடுகிற அதே கணக்கை, ஹிந்தி வேண்டாம் என்கிற நாமும் இங்கே உட்கார்ந்துகொண்டு போட்டுக் கொடுக்கிறோம்! வடக்கே யாராவது மலையாளியையும் நம்மையும் தெலுங்கரையும் 'மதராசி' என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் நமக்கு எப்படிப் பொத்துக்கொண்டு வருகிறது. மொழிக்காக மல்லுக்கட்டியவர்கள் நாம் மட்டும்தான் என்றும் ஒரு நினைப்பு. ஒடியா பேசுகிறவர்கள் போராடி, மொழியை வைத்து 1936லேயே தனி மாகாணம் வாங்கினார்கள். ஆந்திரம் பிரிந்தது அதற்குப் பதினேழு வருஷம் கழித்து.

என் சித்தி வீடும் திருப்பூரில்தான். பிறந்த ஊர் கோவில்பட்டி, வாழ்க்கைப்பட்டது அங்கே. பின்னால் நாலு லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறாள். அதில் ஒன்றில் ஒடிசாவின் கஞ்சாம் ஜில்லாப் பையன்கள், பனியன் கம்பெனியில் கைமடி, செக்கிங் என்று வேலை. ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போயிருந்தேன். வெயிலென்றால் அப்படி ஒரு வெயில். ஒரு பையன் படியில் உட்கார்ந்து பெரிய எவர்சில்வர் கிண்ணத்தில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தால் தண்ணீர் விட்ட சோறு, ஓரத்தில் உரித்த வெங்காயம், பச்சை மிளகாய், சுட்டுப் பிசைந்த கத்திரிக்காய், அப்புறம் வறுத்து நொறுக்கிய ஏதோ ஒன்று.

சித்திக்குத் தாங்கவில்லை. "ஏலே, பளைய சோறா?" என்றாள். (எங்கள் பக்கத்து வாயில் 'ழ' எப்போதும் 'ள'தான், திட்டாதீர்கள்.) அவன் நிமிர்ந்து பார்த்து "பொகாளோ" என்றான். "பளைய சோறுடா." "பொகாளோ, அம்மா." இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. நடுவில் அந்த 'ள' மட்டும் இரண்டு வாயிலும் ஒரே மாதிரி விழுந்தது. ஒடியாவில் நம்மைப் போலவே 'ள' உண்டு, ஏட்டு ஹிந்தியில் அது கிடையாது. அந்த நொறுக்கியது என்னவென்று கேட்டால் 'படி' என்றான். வாயில் போட்டுப் பார்த்தேன், உளுந்து அரைத்துக் கிள்ளிக் காயவைத்தது, நம் வடகத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. சித்தி உள்ளே போய் நாலு மோர்மிளகாய் வறுத்து எடுத்து வந்தாள். அவன் கிண்ணத்திலிருந்த வடகத்தில் பாதியை அவளுக்குக் கொடுத்தான். நாம் பழைய சோற்றை யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று மூடிவைத்துச் சாப்பிடுவோம். அவர்கள் ஊரில் மார்ச் 20 அன்று அதற்கென்று ஒரு நாளே கொண்டாடுகிறார்கள், பூரி ஜெகந்நாதருக்கே அது நைவேத்தியம். வங்காளத்தில் அதுவே பாந்தா பாத், அசாமில் பொய்தா பாத். தெற்கே நாம் ஒரு பேர் வைத்துக்கொண்டு இது உலகத்தில் நமக்கு மட்டும் என்று நினைத்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு சித்தி திருந்திவிட்டாள் என்று எழுத மாட்டேன். மோட்டார் போட்டுவிட்டு அணைக்க மறந்தால் இப்போதும் அவள் குரல் தெருமுனை வரை கேட்கும். 'ஹிந்திக்காரப் பயலுக' என்பது மட்டும் 'அந்த ஒடிசாக்காரப் பய' என்று மாறியிருக்கிறது. அதற்கே மூன்று வருஷம் ஆனது.

இன்னொன்று. தீபாவளி முடிந்த ஆறாம் நாள் பீகார்க்காரர்கள் தண்ணீரில் இறங்கி நின்று, மறைகிற சூரியனுக்கும் மறுநாள் உதிக்கிற சூரியனுக்கும் கும்பிடு போடுவார்கள், பார்த்திருப்பீர்கள், சென்னையில் கடற்கரையில் நடக்கும். சட் பூஜை. புரோகிதர் தேவையில்லை, வீட்டுப் பெண்களே முறத்தில் பழமும் கரும்பும் வைத்துப் படைக்கிறார்கள். சட் என்றால் ஆறு, சஷ்டி. ஐப்பசி வளர்பிறை சஷ்டியில் நாம் திருச்செந்தூரில் சூரசம்ஹாரம் பார்க்கிறோமே, பெரும்பாலும் அதே நாள். 2024லும் 2025லும் இரண்டும் ஒரே தேதியில் வந்தன. சூரியனுக்குப் படைப்பது, கரும்பு வைப்பது என்று பார்த்தால் நம் பொங்கல் மாதிரி இருக்கிறது, விரதத்தைப் பார்த்தால் கந்தசஷ்டி மாதிரி. இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை, அவர்களுடையது அவர்களுடையது. ஆனால் உங்கள் தெருவில் அன்றைக்கு ஒரு அம்மா பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருப்பார், அதே தெருவில் நம் ஆளும் விரதம் இருப்பார், இருவருக்கும் அது தெரியாது.

பத்து வருஷத்தில் தமிழ் ஊராக இருக்குமா என்றீர்கள். பக்கத்து அரசுப் பள்ளியில் போய் எட்டிப் பாருங்கள். ஒடியாப் பிள்ளையும் பீகார்ப் பிள்ளையும் தமிழில் எழுதிப் படித்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பிள்ளையை யாராவது 'வடக்கன்' என்று கூப்பிடாமல் இருந்தால் உங்கள் பேரனைவிட நல்ல கொங்குத் தமிழ் பேசும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் கிளம்பினதும், நிலைமையைப் பார்க்க பீகார் அரசு குழு அனுப்பினதும் ஞாபகம் இருக்கும். அந்தப் பொய் அத்தனை வேகமாகப் போனதற்குக் காரணம் அங்கே இருப்பவர்களுக்கும் நாம் எல்லோரும் ஒரே மூட்டை என்பதுதான். 1960களின் கடைசியில் பம்பாயில் சிவசேனை கிளம்பியபோது அடி வாங்கிய 'மதராசி'களில் தூத்துக்குடிக்காரரும் இருந்தார், உடுப்பிக்காரரும் இருந்தார், யாரும் பிரித்துப் பார்த்து அடிக்கவில்லை.

கலப்படமே இல்லாத அசல் தமிழ்ச் சாப்பாடு என்று ஒன்று சொல்லுங்கள். (சேலம்)

திவசச் சாப்பாடு.

சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். பழைய முறைப்படி திவசம் செய்கிற வீடுகளில் அன்றைய சமையலில் மிளகாய் கிடையாது, மிளகுதான். தக்காளி, உருளைக்கிழங்கு, கோஸ், கேரட் எதுவும் உள்ளே வராது. வாழைக்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு, புடலை என்று போகும். போர்த்துக்கீசியர் கப்பல் வருவதற்கு முன்னால் நம் அடுப்பில் என்ன இருந்திருக்கும் என்பதை அந்த ஒரு நாள் மட்டும் வீடு ஞாபகம் வைத்திருக்கிறது. செத்தவர்களுக்குப் பழக்கமானதைப் போடுகிறோம், நாம் மறுநாளே வரமிளகாய்க்குத் திரும்பிவிடுகிறோம்.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தது. வந்த புதிதில் பேர் தெரியாமல், மிளகு மாதிரி உறைக்கிறது, ஆனால் காயாக இருக்கிறது என்று மிளகாய் ஆக்கிவிட்டோம். எவ்வளவு சாமர்த்தியம்! பொங்கல் கூட்டுக்கு நாட்டுக்காய்தான் போடணும் என்று மாமியார்கள் சொல்வார்கள், அதில் பறங்கிக்காய் இல்லாமல் கூட்டே கிடையாது. பேரிலேயே பறங்கி இருக்கிறதே, யாராவது கவனித்தோமா? கூடவே போகிற சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அந்தப் பக்கத்துச் சரக்குதான், எங்கள் ஊரில் அதற்குச் சீனிக்கிழங்கு என்று பேர். விழுப்புரம், கடலூர் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்பார்கள், அது மணிலாக்கொட்டை தேய்ந்து வந்தது, மணிலா பிலிப்பைன்ஸில் இருக்கிறது. சென்னை பாரிமுனைப் பக்கம் தள்ளுவண்டியில் அத்தோ சாப்பிட்டிருக்கிறீர்களா? 1960களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்த நம் ஆட்கள் கையோடு கொண்டுவந்த சாப்பாடு. இப்போது அது வடசென்னையின் சாப்பாடு. இன்னும் இரண்டு தலைமுறை போனால் அதுவும் அசல் ஆகிவிடும், பறங்கிக்காய் ஆகவில்லையா.

நாங்கள் சௌராஷ்டிரர்கள். பல தலைமுறைகளாக மதுரைதான். இருந்தும் புதிதாக யாரைப் பார்த்தாலும் "அது சரி, உங்க சொந்த ஊர் எது?" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது? (மதுரை)

"மதுரை" என்று சொல்லுங்கள். "அதுக்கு முன்னாடி?" என்று கேட்டால் "உங்களுக்கு அதுக்கு முன்னாடி எது?" என்று கேளுங்கள். பாட்டன் பேருக்கு மேலே தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்.

வெளியூர்க்காரர்கள் மதுரைக்கு வந்தால் மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டு, இது மதுரையின் அடையாளம் என்று சுங்குடிச் சேலை வாங்கிப் போகிறார்கள். அதை முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்து அடையாளம் ஆக்கியதே உங்கள் ஆட்கள்தான். தமிழை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று கேட்டால் டி.எம்.எஸ்ஸைக் கேள் என்று சொல்லி வளர்ந்த வீடு எங்களுடையது. அவர் மதுரைச் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது எனக்குத் தெரிந்தபோது வயது முப்பது. அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "அப்ப நம்ம ஆளு இல்லையா?" என்றார். இன்னும் கொஞ்சம் யோசித்து, "சரி, அதனால என்ன, ளகரம் ழகரம் எவ்ளோ சுத்தம்" என்றார். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் தமிழைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் நூற்றுக்குச் சுமார் 88. மிச்சப் பன்னிரண்டு பேரிடமும் 'சொந்த ஊர்' கேட்டுக்கொண்டிருந்தால் பாதித் தமிழ்நாடு காலியாகிவிடும்.

சென்னையில் வீடு தேடுகிறோம். முதல் கேள்வி "சைவமா?", இரண்டாவது "நீங்க என்ன ஆளுங்க?" கேட்டால், அவரவர் வழக்கம், அதையும் மதிக்க வேண்டும் என்கிறார் என் நண்பர். அப்படியா? (சென்னை)

உங்கள் நண்பரை ஒரு நாள் உங்களோடு வீடு பார்க்கக் கூட்டிப்போங்கள்.

தன் அடுப்பில் என்ன வேகலாம் என்று முடிவு செய்வது ஒருவரின் வழக்கம். வாடகைக்கு விட்ட வீட்டு அடுப்பிலும் கை வைத்தால் அதற்குப் பேர் அதிகாரம். அந்த 'சைவமா' பல சமயம் சாப்பாட்டுக் கேள்வியே இல்லை, இரண்டாவது கேள்வியைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் அதைச் சுற்றி வளைத்துக் கேட்கிற வழி. நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுக்காரம்மா என்னிடம் சாதி கேட்கவில்லை, "உங்க குலதெய்வம் எது?" என்று சிரித்த முகத்தோடு கேட்டார். சொன்னேன். "நாளைக்கு போன் பண்றேன்" என்றார். அந்த நாளை இன்னும் வரவில்லை.

பன்முகத்தன்மை என்று இப்போது எதற்கெடுத்தாலும் சொல்கிறோம், எனக்கு அந்தச் சொல்லில் ஒரு சின்ன சந்தேகம் உண்டு. எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு காலத்தில் இரண்டு விதத் தம்ளர், ஊருக்கு வெளியே இரண்டு சுடுகாடு. வெளிநாட்டுக்காரர் ஒருவர் கேமராவோடு வந்திருந்தால் "அடடா, எத்தனை விதமான வழக்கங்கள்" என்று எழுதிக்கொண்டு போயிருப்பார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அந்தத் தெருவைத் தாண்டியவரிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்லியிருப்பார். பொகாளோவும் பழைய சோறும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற வித்தியாசம். இரட்டைத் தம்ளர் மேலே கீழே என்று இருக்கிற வித்தியாசம். உங்கள் நண்பர் இரண்டையும் ஒரே பையில் போடுகிறார். வீடு கிடைக்க வாழ்த்துகள். புரோக்கரிடம் முதலிலேயே "கறி சமைப்போம், சாதி சொல்ல மாட்டோம், வாடகை அஞ்சாம் தேதி வந்துடும்" என்று சொல்லிவிடுங்கள், அலைச்சலாவது மிச்சம்.

பக்கத்து வீட்டு பாய் வீட்டிலிருந்து ரம்ஜானுக்கு பிரியாணி வருகிறது. தீபாவளிக்கு நாங்கள் அதிரசம், முறுக்கு கொடுத்தால் சாப்பிடுவார்களா, சங்கடப்படுவார்களா? கேட்கக் கூச்சமாக இருக்கிறது. (திருச்சி)

கூச்சப்படாமல் கேளுங்கள், கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள். பல முஸ்லிம் வீடுகளில் சாமிக்குப் படைத்ததைச் சாப்பிட மாட்டார்கள், சில வீடுகளில் அதைப் பார்ப்பதில்லை. எதற்கு வம்பு, படைக்கும் முன்பே ஒரு டப்பாவில் தனியாக எடுத்து வைத்து, "இது படைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்தது" என்று சொல்லிக் கொடுங்கள். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் அடங்கிவிடும். அவர்களும் உங்களுக்காக இதே மாதிரி யோசித்துத்தான் அனுப்புகிறார்கள், கோழியா மட்டனா, இவர்கள் வெள்ளிக்கிழமை சாப்பிடுவார்களா, புரட்டாசியா என்று.

எங்கள் தெருவில் ஒரு பாயம்மா இருந்தார். ஒரு வருஷம் பெருநாள் வெள்ளிக்கிழமையில் வந்துவிட்டது, எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கறி கிடையாது. காலையிலேயே பையன் கையில் ஒரு பை வந்தது. உள்ளே சீரகச் சம்பா அரிசி, ஒரு பாட்டிலில் நெய், காகிதத்தில் மடித்த பட்டை, கிராம்பு, ஏலக்காய், பத்து முந்திரி. "உம்மா உங்களையே பொங்கிக்கச் சொன்னாங்க." அம்மா அதில் நெய்ச்சோறு செய்து, அவர்கள் வீட்டுக்கும் ஒரு தூக்குவாளி அனுப்பினாள். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பது இரண்டு வீட்டிலும் வழக்கம், அதனால் அந்தத் தூக்குவாளி போனது, வந்தது, போனது. இப்போது அது எங்கள் வீட்டில் இருக்கிறது. யாருடையது என்று இரண்டு வீட்டுக்கும் தெரியாது.

எனக்குப் பிறந்த வீடு காரைக்குடி, புகுந்த வீடு நெல்லை. என் அக்காவை 'ஆச்சி' என்று கூப்பிட்டேன், இங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள். எது சரியான தமிழ்? (பாளையங்கோட்டை)

இரண்டும். செட்டிநாட்டில் ஆச்சி அக்கா, நெல்லையில் ஆச்சி பாட்டி. நடிகை மனோரமாவை ஆச்சி ஆச்சி என்று நாடே கூப்பிட்டதே, அவர் வளர்ந்த பள்ளத்தூர் வழியாக வந்த ஆச்சி அது, உங்கள் மாமியார் ஊர் ஆச்சி இல்லை. உங்கள் ஊரில் பாட்டி 'ஆயா', சென்னையில் போய் அப்படிக் கூப்பிட்டால் பால்வாடியில் வேலை பார்ப்பவர் திரும்பிப் பார்ப்பார். யாழ்ப்பாணத்தில் இந்தக் குழப்பமே வேண்டாம் என்று அம்மாவின் அம்மா அம்மம்மா, அப்பாவின் அம்மா அப்பம்மா என்று வைத்துக்கொண்டார்கள், புத்திசாலிகள். நீங்கள் ஆச்சி என்றே கூப்பிடுங்கள். உங்கள் அக்காவுக்கு ஆட்சேபம் இல்லாத வரை மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

எல்லோர் வீட்டையும் கேட்கிறீர்கள். உங்கள் வீட்டில் என்ன மொழி? (விருதுநகர்)

மாட்டிக்கொண்டேன். தெலுங்கு. கோவில்பட்டிக் கரிசலில் பாதிப் பேர் வீட்டில் மாதிரிதான். எழுதத் தெரியாது, படிக்கத் தெரியாது, சண்டையும் கொஞ்சலும் மட்டும் அதில். கணக்கு, கனவு, இந்தப் பத்தி எல்லாம் தமிழில்.

ஒரு தடவை ரயிலில் போகும்போது விஜயவாடா ஸ்டேஷனில் இறங்கினேன். முதல் முறையாக 'எங்கள்' மொழிக்காரர்கள் ஊர், நெஞ்சு கொஞ்சம் விம்மத்தான் செய்தது. இட்லி விற்றவரிடம் போய், பாட்டி சொல்லிக்கொடுத்த தெலுங்கில், பொட்டலம் எவ்வளவு, சட்னி தனியாக வேண்டும் என்று மிடுக்காகக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, பாவம் இந்த அம்மாவுக்குப் புரிய வேண்டுமே என்று நினைத்தாரோ என்னவோ, நிறுத்தி நிதானமாக ஹிந்தியில் பதில் சொன்னார்.